அந்த இரண்டு பேரில் ஒருத்தி

வெர்டெல் கெய்ன்ஸுக்குத் தன் தங்கை மேல் இருந்த பொறாமை ஊரறிந்த விஷயம். அவளும் அதை மூடி மறைத்ததில்லை. "ஆமா, எனக்கு அவ மேல வயித்தெரிச்சல்தான், அதுக்கு என்ன இப்போ?" என்று நேருக்கு நேர் கேட்டுவிடுவாள். கேட்டவர் வாயை மூடிக்கொண்டு போக வேண்டியதுதான்.

ஆற்றின் இக்கரை லூசியானா, அக்கரை மிசிசிப்பி. நடுவே ஒரு நீளமான இரும்புப் பாலம். அக்காள் இக்கரையில் பள்ளிக்கூடத்து மஞ்சள் பேருந்தை ஓட்டி, மரமறுப்பு ஆலையில் கூலி வேலை பார்க்கும் ஹோசியாவைக் கட்டி, மழைக்கு ஒழுகும் மரவீட்டில் காலம் தள்ளினாள். தங்கை ரோசெட்டா அக்கரைக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். அவள் புருஷன் சரக்குப் படகுக் கம்பெனியில் மேஸ்திரி. செங்கல் வீடு, வாசலில் இரண்டு மக்னோலியா மரங்கள், ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு தொப்பி. சின்ன வயதிலும் அப்படித்தான். கோழி பொரித்தால் கால் துண்டு ரோசெட்டாவுக்கு, கழுத்து வெர்டெலுக்கு. ரோசெட்டா தும்மினால்கூட அழகாகத் தும்முகிறாள் என்பாள் அம்மா. வெர்டெலைப் பார்த்து, "கொஞ்சம் சிரிச்ச முகமா இருடி, பிள்ளைங்க பயப்படுது" என்பாள். வெர்டெலின் முகம் பிறவியிலேயே உர்ரென்று அமைந்த முகம். உள்ளே என்ன நடந்தாலும் வெளியே ஒன்றும் தெரியாது. பேருந்தில் ஏறும் வாண்டுகள் அந்த முகத்தைப் பார்த்ததும் கப்சிப்பென்று உட்கார்ந்துவிடும். அந்த வேலைக்கு அது வசதியாகத்தான் இருந்தது.

ஆனால் கோழிக்காலும் தொப்பியும் சில்லறைப் பொறாமை. எல்லா வீட்டிலும் அக்காள் தங்கைக்கு நடுவே இருப்பதுதான். வெர்டெலை உள்ளே அரித்துத் தின்ற பொறாமை நீதிமன்றத்தில் பிறந்தது.

ஒரு வருஷம் ஜூரி வேலைக்கு, அதாவது வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் பன்னிரண்டு ஊர்க்காரர்களில் ஒருத்தியாக, வரச்சொல்லி அவளுக்குக் கடிதம் வந்தது. பெட்ரோல் பங்கில் கொள்ளை, கல்லாவில் இருந்தவர் சுடப்பட்டுச் செத்துப்போனார். பிடிபட்டவன் கெண்ட்ரெல், வெர்டெலைப் போலவே கறுப்பினத்தவன், பத்தொன்பது வயசுப் பையன். வேறொரு தேவாலயச் சபையைச் சேர்ந்த மிஸ் கொரீன் என்பவளின் ஒரே மகன். மிஸ் கொரீனை வெர்டெலுக்கு முகம் தெரியும், பேசிப் பழக்கம் கிடையாது. வக்கீல்கள் இரண்டு தரப்பும் வெர்டெலைக் கேள்வி கேட்டார்கள். அவளுடைய உர்ரென்ற முகம் அரசு வக்கீலுக்குப் பிடித்துப்போயிருக்க வேண்டும். எடுத்துக்கொண்டார்கள்.

பன்னிரண்டு பேர். ஊரின் தீவனக் கடைக்காரர் ஹாட்லிதான் ஜூரித் தலைவர். விசாரணை முடிந்து அறைக்குள் போனார்கள். நீள மேஜை, ஒரு காப்பிப் பாத்திரம், சுவரில் ஒரு மணி அழுத்தும் பொத்தான். மத்தியானத்துக்கு சாண்ட்விச் சொல்லியிருந்தார்கள். ஹாட்லி உட்காரக்கூட இல்லை.

"குற்றவாளின்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க."

பத்துக் கைகள் எழுந்தன. வெர்டெலின் கை மடியில் இருந்தது. எதிரே, நூலகத்தில் வேலை பார்க்கும் மிஸ் பெவர்லி என்ற வெள்ளைக்காரப் பெண்ணின் கையும் எழவில்லை.

"பத்து," என்றார் ஹாட்லி. "சட்டம் கேக்குறதும் பத்துதான்."

"ஒரு நிமிஷம்," என்றாள் வெர்டெல். "அந்தச் சாட்சிக்காரன் விஷயத்துல எனக்கு ஒண்ணு—"

"அம்மா, உங்க அபிப்பிராயம் உங்களுக்கு. யாரும் அதைக் குறை சொல்லலை. ஆனா பத்து வந்தாச்சு. இனிமே பேசி என்ன ஆகப்போகுது, சொல்லுங்க?" மரியாதையாகத்தான் கேட்டார். கேட்டுக்கொண்டே பொத்தானை அழுத்திவிட்டார். சாண்ட்விச் அப்போது வந்தே சேரவில்லை.

லூசியானாவில் அப்போது சட்டம் அப்படி. பன்னிரண்டில் பத்துப் பேர் தலையாட்டினால் ஒரு மனிதனை ஆயுள் முழுக்க உள்ளே போடலாம். மீதி இரண்டு பேர் எதற்கு உட்கார்ந்திருந்தார்கள் என்று யாரும் கேட்கவேண்டியதில்லை. அவர்கள் மேஜையைச் சுற்றிப் போட்ட நாற்காலிகளோடு சேர்த்தி. நீதிபதி ஆளுக்கொரு சீட்டில் எழுதி வாங்கினார், படித்தார், "பன்னிரண்டில் பத்துப் பேர் ஒப்புகிறார்கள், தீர்ப்பு செல்லும்" என்றார். எந்தப் பத்து என்று சொல்லவில்லை. சீட்டுகளை உறையில் போட்டு ஒட்டிவிட்டார்கள். பின் வரிசையிலிருந்து மிஸ் கொரீன் கத்திய கத்தலில் வெளியே மரத்தில் இருந்த காக்கைகள் பறந்தன. வெர்டெல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். முகம் வழக்கம்போல உர்ரென்று இருந்தது. மிஸ் கொரீன் அந்த முகத்தைத்தான் பார்த்தாள்.

அப்புறம் ஊரில் நடந்ததுதான் வேடிக்கை. வேண்டாம் என்றவர்கள் இரண்டு பேர் என்று எல்லோருக்கும் தெரியும், யார் என்று தெரியாது. அந்த வருஷம் விசாரித்துப் பார்த்திருந்தால் அந்த இரண்டு பேர் குறைந்தது ஐந்து பேர் ஆகியிருப்பார்கள். எல்லோருக்கும் முந்திக்கொண்டவர் சபைப் பொறுப்பாளரான டீக்கன் லெமுவெல். வெர்டெலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஹாட்லி கேட்டு முடிக்கும் முன்பே கையைத் தூக்கிய மனிதர். அவர் நேரே மிஸ் கொரீன் வீட்டுக்குப் போனார், அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். மேஜையை ஓங்கிக் குத்தினேன், அந்த வெள்ளைக்காரங்க முகத்துக்கு நேரா கத்தினேன், கேக்கலையே, என்றார். மிஸ் கொரீன் அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். மிஸ் பெவர்லி அந்த வருஷமே டெக்ஸாஸுக்குப் போய்விட்டாள்.

ஹோசியா சொன்னான். "நீயும் போய்ச் சொல்லிட்டு வாயேன், வெர்டெல். அந்தப் பொம்பளை உன்னை முறைச்சுக்கிட்டே திரியுறா."

"எத்தனாவது ஆளா போகச் சொல்றே? ஆறாவதா? வரிசையில நின்னு டிக்கெட் வாங்கவா?"

"உண்மைதானே சொல்லப்போறே?"

"டீக்கன் சொன்னதும் உண்மைன்னுதானே காப்பி போட்டா? என் மூஞ்சிக்கு யாரும் காப்பி போட மாட்டாங்க, விடு."

ரோஷம் பிடித்த மனுஷி. சொல்லவில்லை. மிஸ் கொரீன் அவளைக் கண்டால் தெருவின் அந்தப் பக்கம் போனாள். கெண்ட்ரெல் லூசியானாவிலேயே இருக்கும் அங்கோலா சிறைப் பண்ணையில் பருத்திக் காட்டில் மண்வெட்டி பிடித்தான். வெர்டெல் பேருந்து ஓட்டினாள்.

நாலைந்து வருஷம் போயிற்று. அக்கரையில் ரோசெட்டாவுக்கு ஜூரி வேலை வந்தது.

படகுக் கொட்டகைக்குத் தீ வைத்ததாக ஒருவன் மேல் வழக்கு. பதினோரு பேர் குற்றவாளி என்றார்கள், ரோசெட்டா மட்டும் இல்லை என்றாள். மிசிசிப்பியில் பன்னிரண்டு பேரும் ஒரே மாதிரி சொன்னால்தான் தீர்ப்பு. ஒருத்தி ஒத்துக்கொள்ளாவிட்டால் பதினோரு பேரும் வீட்டுக்குப் போக முடியாது. மூன்று நாள் அவளைச் சுற்றி உட்கார்ந்து கெஞ்சினார்கள், கோபப்பட்டார்கள், ஒரு கிழவர் தன் மாடு கன்று ஈனும் நேரம் என்று அழக்கூடச் செய்தார். ரோசெட்டா வாதாடத் தெரிந்தவள் இல்லை. "எனக்கு மனசு ஒப்பலை" என்று மட்டும் சொல்லிக்கொண்டு, வீங்கின காலை இன்னொரு நாற்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆனால் அவளை இணங்க வைக்க வேண்டும் என்பதால் அவர்கள் ஒவ்வொரு சாட்சியையும் மறுபடி எடுத்துப் பேசவேண்டி வந்தது. பேசப் பேச அவர்களில் மூன்று பேருக்கே சந்தேகம் வந்துவிட்டது. கடைசியில் நீதிபதி ஜூரியைக் கலைத்தார். அரசு வழக்கை மறுபடி எடுக்கவில்லை. அந்த மனிதன் வீட்டுக்குப் போனான்.

அதற்கப்புறம் ரோசெட்டா ரோசெட்டா இல்லை, 'தனியா நின்ன பொம்பளை' ஆகிவிட்டாள். சபைகளில் கூப்பிட்டுப் பேசச் சொன்னார்கள். விடுதலையானவனின் குடும்பம் வருஷாவருஷம் கிறிஸ்துமஸுக்கு அவளுக்குப் பன்றித் தொடை அனுப்பியது.

முதல் பன்றித் தொடை வந்த சேதி கேட்ட அன்றைக்கு வெர்டெலுக்குச் சோறு இறங்கவில்லை.

"தனியா நின்னாளாம், தனியா! அவ எங்க நின்னா? காலைத் தூக்கி வச்சு உக்காந்திருந்தா!" சமையலறையில் பாத்திரங்கள் உருண்டன. "நானும் இல்லைன்னுதான் சொன்னேன். என் இல்லையை எடுத்துக் குப்பையில போட்டாங்க. அவ இல்லைக்குப் பன்றித் தொடை!"

ஹோசியா, "அவகிட்டச் சொன்னா நமக்கும் ஒரு துண்டு தருவா" என்றான். அன்றைக்கு அவனுக்குத் தட்டில் வெறும் மக்காச்சோள ரொட்டிதான் விழுந்தது.

பொறாமையிலேயே கொடிய பொறாமை இதுதான் என்று நினைக்கிறேன். தன்னிடம் இல்லாததை இன்னொருத்தி வைத்திருந்தால் பெருமூச்சு விட்டுவிட்டு வேலையைப் பார்க்கலாம். தன்னிடமும் அதே பொருள் இருந்து, தன்னுடையது மட்டும் செல்லாக்காசு என்றால் எப்படித் தாங்குவது? ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். பாலத்தின் அந்தப் பக்கம் அது ஒரு உயிரை மீட்டது. இந்தப் பக்கம் சாண்ட்விச் வரும் வரைகூட யாரையும் உட்கார வைக்கவில்லை.

இது போதாதென்று ஒருநாள் மளிகைக் கடையில் மிஸ் கொரீன் எதிரே வந்து நின்றாள். அத்தனை வருஷத்தில் அவள் வெர்டெலிடம் பேசியது அன்றைக்குத்தான்.

"ரோசெட்டா உன் தங்கச்சியாமே?"

"ஆமா, மிஸ் கொரீன்."

"ஒரே வயித்துல பொறந்தீங்களா?"

"ஆமா."

"நம்பவே முடியலை," என்றாள் மிஸ் கொரீன். "உனக்குப் பதிலா அவ அந்த ரூம்ல இருந்திருந்தா என் பையன் இப்போ என்கூட இந்த வண்டியைத் தள்ளிக்கிட்டு வருவான்."

வெர்டெல் வாங்க வந்த மாவை அங்கேயே வைத்துவிட்டு வெளியே வந்தாள். பேருந்தில் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதாள். அவள் அழுததைப் பார்த்தவர் யாரும் இல்லை. மிஸ் கொரீன் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. ரோசெட்டாவைத்தான் ஆற்றில் தள்ள வேண்டும் போலிருந்தது.

இரண்டாயிரத்துப் பதினெட்டில், அந்தச் சட்டத்தை மாற்றலாமா என்று லூசியானா மக்களிடமே ஓட்டுக் கேட்டார்கள். இனிமேல் பன்னிரண்டு பேரும் ஒத்தால்தான் தண்டனை என்று மாற்றுவதற்கு. தேர்தலுக்குச் சில வாரம் முன்னால் வெர்டெலின் சபையும் மிஸ் கொரீனின் சபையும் சேர்ந்து ஒரு விருந்துக் கூட்டம் வைத்தன. கெளுத்தி மீன் பொரியல், சிவப்பு பீன்ஸ், கீரை. பேச யாரைக் கூப்பிட்டார்கள் என்று சொல்லவும் வேண்டுமா?

பாஸ்டர் வெர்டெலிடமே வந்து கேட்டார். "சிஸ்டர் வெர்டெல், உங்க தங்கச்சியை நீங்களே ரெண்டு வார்த்தை சொல்லி அறிமுகப்படுத்துங்களேன்."

"நான் மீன் பொரிக்கிறேன், பாஸ்டர்."

"அதை வேற யாராவது—"

"நான்தான் பொரிப்பேன்."

ரோசெட்டா ஊதாத் தொப்பியோடு வந்து இறங்கினாள். நேரே சமையலறைக்கு வந்து அக்காளைக் கட்டிப்பிடித்தாள். "அக்கா, நீ முன்னாடி வந்து உக்காரேன். எனக்கு இந்த மைக்கைப் பிடிச்சாலே கை நடுங்குது."

"அக்கரைக்காரிக்கு இங்க ஓட்டே கிடையாது. உனக்கு எதுக்கு நடுக்கம்? போ, போய்ப் பேசு. எண்ணெய் தெறிச்சு உன் பட்டு பாழாப் போகும்."

ரோசெட்டாவின் முகம் சுருங்கிவிட்டது. வெர்டெலுக்கு அதில் கொஞ்சம் திருப்திதான்.

கதவு திறந்தே இருந்தது. மீன் பொரியும் சத்தத்துக்கு மேலாக ரோசெட்டாவின் குரல் கேட்டது. மூன்று நாள் கதை. கிழவரின் மாடு. எல்லோரும் சிரித்தார்கள், கை தட்டினார்கள், ஆமென் என்றார்கள். பாஸ்டர் எழுந்து, ஓட்டுப்போடுங்கள், இது ஜெயித்தால் வரும் ஜனவரியிலிருந்து நடக்கும் குற்றங்களுக்குப் புதுச் சட்டம் என்றார்.

"பழசுக்கு?" ஒரு குரல் கேட்டது. மிஸ் கொரீன்.

பாஸ்டர் தயங்கினார். "பழசுக்கு இல்லை, மிஸ் கொரீன்."

"அப்போ என் பையன்?"

மிஸ் கொரீன் கைத்தடியை ஊன்றி எழுந்தாள். ரோசெட்டாவைப் பார்த்து, "தாயே, உன்னை மாதிரி ஒருத்தி அன்னிக்கு அங்க இருந்திருந்தா இந்தச் சட்டமெல்லாம் எனக்கெதுக்கு?" என்றாள். "உன் காலைத் தொட்டுக் கும்பிட்டிருப்பேன்."

வெர்டெல் அடுப்பை அணைத்தாள். ஏன் அணைத்தாள் என்று அவளுக்கே தெரியாது. கையெல்லாம் மாவோடு கூடத்துக்குள் வந்து நின்றாள்.

"அவ இருந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும், மிஸ் கொரீன்," என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. "இவ இங்க உக்காந்து ஒரு மாசம் இல்லைன்னு சொல்லியிருந்தாலும் பத்துப் பேர் எந்திரிச்சுப் போயிருப்பாங்க. எனக்குத் தெரியும். அந்த ரெண்டு பேர்ல ஒருத்தி நான்."

மிஸ் கொரீன் சிரித்தாள். கேட்கவே சகிக்காத சிரிப்பு. "நீயுமா? வா, வா. இத்தனை வருஷமா எங்க இருந்தே? இந்த ஊர்ல ரெண்டு பேர்ல ஒருத்தரா இல்லாத ஆளே கிடையாதேம்மா. டீக்கன் மேஜையைக் குத்தினாரு. ஜூரியில இருந்த டயர் கடைப் பையன் ஹாட்லி சட்டையைப் பிடிச்சானாம். நீ என்ன பண்ணே? சொல்லு, நீ என்ன பண்ணே?"

டீக்கன் லெமுவெல் மூன்றாவது மேஜையில் இருந்தார். தட்டிலிருந்த கீரையை மிகவும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் பண்ணலை," என்றாள் வெர்டெல்.

"என்னது?"

"ஒண்ணும் பண்ணலை, மிஸ் கொரீன். கையைத் தூக்கலை, அவ்வளவுதான். ஏதோ சொல்ல வாயெடுத்தேன். பத்து வந்தாச்சு, இனிமே பேசி என்ன ஆகப்போகுதுன்னாரு ஹாட்லி. மணியை அடிச்சுட்டாரு. நான் என் பையை எடுத்துக்கிட்டு எந்திரிச்சேன். யாரும் மேஜையைக் குத்தலை. குத்துறதுக்கு அங்க நேரமே இல்லை." மாவுக் கையால் கன்னத்தைத் துடைத்தாள். "வீட்டுக்குப் போகலாமேன்னு எனக்கும் அப்போ ஒரு நிமிஷம் நிம்மதியாக்கூட இருந்துச்சு. அதையும் சொல்லிடுறேன்."

மிஸ் கொரீன் அவள் முகத்தைப் பார்த்தாள். உர்ரென்ற அதே முகம், கன்னத்தில் மாவு.

"என் வீட்டுக்கு வந்து அஞ்சு பேர் கதை சொன்னாங்க," என்றாள் மெதுவாக. "அஞ்சு பேரும் சிங்கமா கர்ஜிச்சாங்க. ஒண்ணும் பண்ணலைன்னு வந்து நிக்கிற முதல் ஆள் நீதான்." பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். "என்ன சொல்ல வாயெடுத்தே?"

"இப்போ எதுக்கு, மிஸ் கொரீன்?"

"சொல்லு. அன்னிக்குக் கேக்க ஆளில்லை. இப்போ நான் கேக்குறேன்."

ரோசெட்டா மைக்கைக் கீழே வைத்துவிட்டுத் தன் நாற்காலியை அக்காள் பக்கமாக நகர்த்தினாள். வெர்டெல் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். "அந்தச் சாட்சிக்காரன், வேர்க்கடலைக் கடைக்காரன். முதல் நாள் போலீஸ்கிட்ட ஓடுறவனோட முதுகைத்தான் பார்த்தேன்னு சொன்னான். கோர்ட்டுல வந்து முகத்தைப் பார்த்தேன்னான். நடுவுல முகம் எங்கேருந்து வந்துச்சு? போலீஸ்கிட்ட சொன்னதையும் கோர்ட்டுல படிச்சாங்க, நாங்க எல்லாரும் கேட்டோம். வேற சாட்சி ஒருத்தர்கூட இல்லை. ஒரு முதுகை வச்சு ஒரு பிள்ளையை ஆயுசுக்கும் உள்ள போடலாமான்னு கேக்கத்தான் வாயைத் திறந்தேன்."

இத்தனை வருஷம் நெஞ்சுக்குள் வைத்திருந்தது. சொல்லி முடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"அவ்வளவுதானா?" என்றாள் மிஸ் கொரீன்.

"அவ்வளவுதான்."

"இதைக் கேட்டிருந்தா அந்தத் தீவனக் கடைக்காரன்கூட கையை இறக்கியிருப்பானே."

அவள் ஓங்கி அறைந்திருந்தால் தேவலை என்றிருந்தது வெர்டெலுக்கு. பதினைந்து வருஷமாக எதற்காக ஏங்கினாளோ அது கிடைத்துவிட்டது. மிஸ் கொரீன் நம்பிவிட்டாள். நம்பியதுதான் இப்போது தாங்கமுடியாமல் இருந்தது. தொப்பிக்கும் பன்றித் தொடைக்கும் கைதட்டலுக்கும் பொறாமைப்பட்டதெல்லாம் அவளுக்கு அப்போது அற்பமாகத் தெரிந்தது. ரோசெட்டாவுக்குக் கிடைத்த அந்த மூன்று நாள்மேல்தான் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பிடிக்காவிட்டாலும் பதினோரு பேர் தன் பேச்சைக் கேட்டே ஆகவேண்டியிருந்த மூன்று நாள். தனக்கு ஒரு மத்தியானம் கொடுத்திருந்தால் போதுமே என்று நினைத்தாள். ரோசெட்டா அவள் முழங்கையைப் பிடித்தாள். வெர்டெல் உதறவில்லை.

மிஸ் கொரீன் கைத்தடியை எடுத்துக்கொண்டாள். போகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் வெர்டெலுக்கு மிகப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஞாயித்துக்கிழமை கெண்ட்ரெல் போன் பண்ணுவான். என் வீட்டுக்கு வா. இப்போ சொன்னதை அப்படியே அவங்கிட்ட சொல்லு. ஒண்ணும் விடக்கூடாது."

"வர்றேன், மிஸ் கொரீன்."

"அப்புறம் அவன் கேப்பான்," என்றாள் மிஸ் கொரீன். "இவ்வளவு தெரிஞ்சும் நான் ஏன் இன்னும் இங்க இருக்கேன், அம்மா, இப்போதான் சட்டத்தை மாத்துறாங்களே, நான் எப்போ வீட்டுக்கு வருவேன்னு கேப்பான். என்னால அவனுக்குப் பதில் சொல்ல முடியாது. அதையும் நீயே சொல்லிடு."